க்வாய் நதிப் பாலத்தில் நம்ம ஆளுங்க

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குப் போர்ப் படங்கள் பிடிக்கும். அதிலும் பழைய படங்கள். 1957, 1961, 1963 என்று நம் அப்பாக்களே பிறக்காத காலத்துப் படங்கள். ஹாஸ்டலில் ஊரே ஐ.பி.எல். பார்க்கும்போது ஒருத்தன் மட்டும் மூலையில் உட்கார்ந்து, தொப்பி வைத்த வெள்ளைக்காரர்கள் மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் ரூம்மேட்டுக்கு எரிச்சல் வரத்தான் செய்யும்.

"டேய், இதுல குண்டு எப்படா வெடிக்கும்?"

"இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு மச்சி."

போன வாரம் அப்படித்தான் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' பார்த்தேன். இது இரண்டாவது தடவை. முதல் தடவை பார்த்தது 2020-ல், ஊரில், தாத்தாவோடு. இரண்டு தடவைக்கும் நடுவில் நடந்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா என்றால் அம்மாவோட அப்பா. வேலூர் பக்கம் கிராமம். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேராவது மிலிட்டரியில் இருந்திருப்பார்கள். தேசபக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், மானம் பார்த்த பூமி, நிலமும் கொஞ்சம், அண்ணன் தம்பிகளோ நிறைய. ஆள் எடுக்கிறார்கள் என்றால் கிளம்பிவிடுவார்கள். தாத்தா 1965-ல் பெங்களூருக்குப் போய் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்று இப்போது பெயர். இவர்களும் துப்பாக்கி பிடிப்பார்கள். ஆனால் முக்கிய வேலை வேறு. பாலம் கட்டுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எதிரி புதைத்ததைத் தோண்டி எடுப்பது. ராணுவத்தில் இவர்களுக்குச் செல்லப் பெயர் "தம்பி". எழுபது வயசுக்கு மேலும் தாத்தாவும் அவர் கூட்டாளிகளும் போனில் "இன்னா தம்பி, சாப்ட்டியா?" என்று பேசிக்கொள்வதைக் கேட்டால் சிரிப்பாக இருக்கும்.

17 வருஷ சர்வீஸ். 1982-ல் நாயக்காக வந்து சேர்ந்தார். பேரும் நம்பரும் வெள்ளை பெயிண்டில் எழுதின ஒரு கறுப்பு இரும்புப் பெட்டி, மாசத்துக்கு ஒருமுறை கேன்டீன், நவம்பர் வந்தால் "நான் உயிரோடதான் இருக்கேன்" என்று சர்டிபிகேட் கொடுக்க ஓட்டம். எக்ஸ் சர்வீஸ்மேன் இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும்.

நான் 2020-ல் பத்தாவது. தமிழ்நாட்டில் பரீட்சையே ரத்தாகி எல்லோரையும் பாஸ் போட்டார்களே, அந்தப் புகழ்பெற்ற பேட்ச். (அடிக்க வராதீர்கள், நாங்கள் கேட்கவில்லை.) லாக்டவுனில் ஊரில் மாட்டிக்கொண்டேன். மாமா ஒரு பென்டிரைவ் நிறைய பழைய இங்கிலீஷ் படங்கள் போட்டுவைத்திருந்தார். மத்தியானம் ஆனால் நானும் தாத்தாவும் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவோம். தாத்தாவுக்கு இங்கிலீஷ் வசனம் புரியாது. நான் சப்டைட்டில் படித்து மொழிபெயர்ப்பேன். அவருக்கு அது தேவையும்பட்டதில்லை என்று பிறகுதான் புரிந்தது.

அவர் படம் பார்க்கும் முறையே தனி. 'வேர் ஈகிள்ஸ் டேர்' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் இரண்டு கையிலும் துப்பாக்கி வைத்துச் சுட்டுத் தள்ளும்போது நான் விசில் அடித்தேன். தாத்தா, "மேகசின மாத்தவே மாட்டானாடா இவன்?" என்றார். அதோடு அந்தப் படம் எனக்கு முடிந்துபோனது. 'தி கன்ஸ் ஆஃப் நவரோன்' பாதியில் தூங்கிவிட்டார். 'தி கிரேட் எஸ்கேப்' மட்டும் ரொம்பப் பிடித்தது. ஸ்டீவ் மெக்வீன் மோட்டார் சைக்கிளில் வேலி தாண்டுவதற்காக இல்லை. சுரங்கம் தோண்டிய மண்ணைக் கால்சட்டைக்குள் பை கட்டி மைதானத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டுவார்களே, அதற்காக. "தோண்டுறது ஈஸிடா. மண்ண எங்க கொட்டுறதுன்றதுதான் வேல" என்றார். அது நிஜமாக நடந்த கதை, 1944 மார்ச்சில் 76 பேர் தப்பித்தார்கள், 73 பேர் பிடிபட்டார்கள், அதில் 50 பேரைச் சுட்டுக் கொன்றார்கள் என்று கூகுள் பார்த்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மூணு பேரு போய்ச் சேந்தாங்க இல்ல?" என்றார்.

ஆயாவுக்கு இந்தப் படங்களே ஆகாது. அவருக்கு யுத்தப் படம் என்றால் சிவாஜியும் சாவித்திரியும் நடித்த 'இரத்தத் திலகம்'தான். 1963-ல் வந்தது, சீன யுத்தக் கதை. சின்ன வயசில் டென்ட் கொட்டகையில் பார்த்து அழுததாகச் சொல்வார். பிற்பாடு ஒரு மிலிட்டரிக்காரனையே கட்டிக்கொண்டு, 1971-ல் இரண்டு மாசம் லெட்டர் வராமல் அதைவிட அதிகமாக அழுதாராம்.

நிற்க. க்வாய்க்கு வருகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதை. சிங்கப்பூர் 1942 பிப்ரவரி 15-ல் ஜப்பானிடம் விழுந்த பிறகு பிடிபட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களைத் தாய்லாந்துக் காட்டில் ரயில் பாதை போட வைக்கிறார்கள். ஆற்றுக்குக் குறுக்கே ஒரு பாலம் வேண்டும். கர்னல் நிக்கல்சன் (அலெக் கின்னஸ்) முதலில், ஆபீசர்கள் கைவேலை செய்யமாட்டார்கள், அது சட்டம் என்று அடம்பிடித்து வெயிலில் இரும்புக் கொட்டகைக்குள் கிடக்கிறார். ஜெயித்து வெளியே வந்ததும் ஆளே மாறி, எதிரிக்காகக் கட்டும் பாலத்தை உலகத்திலேயே சிறந்த பாலமாகக் கட்டிக் காட்டுகிறேன் என்று இறங்கிவிடுகிறார். இன்னொரு பக்கம் அதே பாலத்தை வெடிவைத்துத் தகர்க்க ஒரு குழு காட்டுக்குள் நடந்து வருகிறது. டேவிட் லீன் இயக்கி 7 ஆஸ்கார் வாங்கிய படம்.

தாத்தா அன்றைக்குத் தூங்கவே இல்லை. இருக்காதா பின்னே! உலகத்திலேயே சாப்பர்களைப் பற்றி எடுத்த பெரிய படம் இதுதானே. ஜப்பான்காரர்கள் தேர்ந்தெடுத்த இடத்தில் ஆற்றடி வெறும் சேறு, பாலத்தைக் கீழே தள்ளிக் கட்டவேண்டும் என்று கேப்டன் ரீவ்ஸ் சொல்லும் காட்சியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சரியாச் சொல்றான். அடி கெட்டியா இல்லன்னா மேல எத்த வெச்சாலும் நிக்காது." எல்ம் மரத்துக்கு இணையான மரம் இங்கே கிடைக்கிறது, பழைய லண்டன் பாலத்தின் முளைகள் எல்ம்தான், 600 வருஷம் நின்றது என்று ஒரு இடத்தில் பேசிக்கொள்வார்கள். அதை மொழிபெயர்த்ததும் தாத்தா, "தேக்கு இருக்குமே அந்தக் காட்டுல" என்று டி.வி.க்கு யோசனை சொன்னார். நிக்கல்சன் கட்சியில் முழுசாகச் சேர்ந்துவிட்டார். யாருக்காகக் கட்டினால் என்ன, கட்டுகிறவன் ஒழுங்காகக் கட்டவேண்டும் என்பது அவர் வாதம். எனக்கு அந்த வயசில் அது துரோகமாகப் பட்டது. இரண்டு பேருக்கும் சண்டை.

ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளிகளையும் நிக்கல்சன் வேலைக்குக் கூப்பிடும் காட்சியில் கட்சி மாறிவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. காலை மடக்கி உட்கார்ந்தவர் காலைக் கீழே போட்டார்.

அப்புறம்தான் கேட்டார். "நம்ம ஆளுங்க எப்படா வருவாங்க?"

எனக்குப் புரியவில்லை. "எந்த ஆளுங்க தாத்தா?"

"நம்ம தமிழாளுங்கடா. ரயில் போடப் போனவங்க."

நான் சிரித்தேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது, சத்தமாகவே சிரித்தேன். "இது இங்கிலீஷ் படம் தாத்தா. இதுல எப்படி நம்ம ஆளுங்க வருவாங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. கடைசிவரை பார்த்தார். பாலம் முடிந்ததும் நிக்கல்சன் ஒரு பலகை செய்து மாட்டுவார். பிரிட்டிஷ் ராணுவ வீரர்கள் வடிவமைத்துக் கட்டியது, 1943 பிப்ரவரி முதல் மே வரை, கர்னல் நிக்கல்சன் தலைமையில் என்று. "இன்னா எழுதிக்கீது?" என்றார். படித்துச் சொன்னேன். "ம்" என்றார். ஆற்றில் தண்ணீர் இறங்கி வெடி ஒயர் வெளியே தெரியும் கட்டத்தில் மட்டும், "ராவுல தண்ணி எறங்குமான்னு பாக்காம எவன்டா ஒயர் போட்டான்?" என்று பழைய தாத்தாவாக ஒரு நிமிஷம் திரும்பி வந்தார். பாலம் வெடித்தது, ரயில் விழுந்தது. எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

ராத்திரி மாடியில் படுத்திருக்கும்போது அவராகத்தான் ஆரம்பித்தார். அவருடைய பெரியப்பா, அதாவது அப்பாவோட அண்ணன், கங்காணியோடு மலாயா போனவர். ரப்பர் தோட்டம். கல்யாணமாகி ஆறு மாசத்தில் கப்பல் ஏறினார், பெண்டாட்டியைப் பிறகு கூட்டிக்கொள்கிறேன் என்று. இரண்டு மூன்று தடவை பணம் வந்தது. யுத்தம் வந்ததும் பணமும் நின்றது, கடிதாசும் நின்றது. யுத்தம் முடிந்து பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்து சொன்னார். சயாம் காட்டுக்கு ரயில் பாதை போடக் கூட்டிக்கொண்டு போனார்கள், நானும் அவரும் ஒரே கொட்டகை, வாந்திபேதி வந்தது, இரண்டு நாளில் போய்விட்டார் என்று. எந்த இடம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. காடு, அவ்வளவுதான்.

அந்த வருஷம்தான் தாத்தா பிறந்தார். 1946. பெரியப்பா பெயரையே வைத்தார்கள்.

"பெரியம்மா நம்பவே இல்லடா. பாத்தவன் ஒருத்தன் சொன்னா ஆச்சா, பொணத்த எவன் பாத்தான்னு கேப்பாங்க. சாகுற வரைக்கும் தாலி கழட்டல. நான் மிலிட்டரிக்குப் போறப்ப எல்லாரும் அழுதாங்க, அவங்க அழல. போற எடத்துப் பேர எழுதிப் போடுடா, அது போதும்னாங்க."

அதனால் தாத்தா சர்வீஸ் முழுக்க எந்த ஊருக்கு மாற்றினாலும், எழுதக்கூடாத இடம் தவிர, முதல் கார்டு பெரியம்மாவுக்குப் போட்டிருக்கிறார்.

நான் சிரித்ததற்கு மன்னிப்பு கேட்கவேண்டும் என்று தோன்றியது. பதினைந்து வயசில் அதெல்லாம் வராது. கொசு கடிக்குது என்று போர்வையை இழுத்துக்கொண்டேன்.

காலேஜ் வந்த பிறகுதான் உட்கார்ந்து தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வயிற்றைப் பிசைந்தது. சயாம்–பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942-ல் ஆரம்பித்து 1943 அக்டோபரில் இரண்டு முனைகளையும் இணைத்துவிட்டார்கள். வேலை செய்த நேச நாட்டுக் கைதிகள் 60,000 பேருக்கு மேல், இறந்தவர்கள் 12,000-க்கு மேல். உலகத்துக்குத் தெரிந்த கணக்கு இது. அதே பாதையில் வேலை செய்த ஆசியக் கூலிகள், தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர், சீனர் எல்லாம் சேர்த்து, இரண்டு லட்சம் வரை இருக்கலாம் என்கிறார்கள். இறந்தவர்கள் சுமார் 90,000 என்பது பொதுவாகச் சொல்லும் மதிப்பு. இதில் ஆளுக்கொரு எண் சொல்வதற்குக் காரணம், யாரும் ஒழுங்காகப் பேர் எழுதி வைக்காததுதான். மலாயாவிலிருந்து போனவர்களில் தோட்டத் தமிழர்கள்தான் ஏராளம். யுத்தத்தால் ரப்பர் ஏற்றுமதி நின்று தோட்டங்களில் வேலை இல்லை, சோறு இல்லை. கூலியும் அரிசியும் தருகிறோம் என்று முதலில் ஆசை காட்டினார்கள், பிறகு பிடித்தே கொண்டுபோனார்கள். இலவசமாக சினிமா காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, உள்ளே வந்ததும் கதவைச் சாத்தி ரயிலில் ஏற்றினார்கள் என்றும் சொல்வதுண்டு. இதைப் படித்த அன்றைக்கு எனக்குப் படம் பார்க்கவே பிடிக்கவில்லை.

வெள்ளைக்காரக் கைதிகளுக்காவது அவர்களுடைய ராணுவ டாக்டர்கள் கூட இருந்தார்கள், மருந்து இல்லாவிட்டாலும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்ல ஆள் இருந்தது, ஆபீசர்கள் இருந்தார்கள், கட்டுப்பாடு இருந்தது. நம்ம ஆட்களுக்கு யாரும் இல்லை. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது கூலிக் கொட்டகைகளில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். மலேசியத் தமிழர்கள் இதை மறக்கவில்லை. ஆர். சண்முகம் ஒரு நாவலே எழுதியிருக்கிறார், பெயர் 'சயாம் மரண ரயில்'. இங்கே நமக்குத்தான் தெரியவில்லை.

படத்துக்கும் நிஜத்துக்கும் எவ்வளவு தூரம் என்பது தனிக் கதை. நிஜப் பாலம் கட்டின முகாமில் இருந்த பிரிட்டிஷ் அதிகாரி பிலிப் டூசி நிக்கல்சன் மாதிரி ஆள் இல்லை, தன் ஆட்களைக் காப்பாற்றுவதே அவர் வேலையாக இருந்தது, அவருக்குக் கீழ் இருந்தவர்களுக்குப் படத்தின் மேல் கோபம். நிஜப் பாலம் இருந்தது க்வாய் நதியிலேயே இல்லை, மே க்ளாங் நதியில். படத்தைப் பார்த்து வந்த சுற்றுலாக்காரர்கள் க்வாய் எங்கே க்வாய் எங்கே என்று கேட்க, தாய்லாந்துக்காரர்கள் ஆற்றின் பெயரையே மாற்றிவிட்டார்கள்! படம் பிடித்ததோ தாய்லாந்திலும் இல்லை. இலங்கையில், கித்துல்கலவில், களனி ஆற்றின் மேல். ஒரு நிஜப் பாலத்தைக் கட்டி, நிஜ ரயிலை ஓட விட்டு 1957-ல் வெடிவைத்தார்கள்.

ஆற்றின் பெயரை மாற்றுமளவுக்கு ஒரு படத்துக்கு சக்தி இருக்கிறது. அதே படத்தில் இரண்டு லட்சம் பேர் இல்லை. என் தாத்தா டி.வி.யில் தேடியது அதில் ஒருத்தரை.

தாத்தா தன் யுத்தத்தைப் பற்றி அதிகம் பேசியவர் இல்லை. 1971-ல் ஷகர்கர் பக்கம் இருந்தார். அந்த செக்டரில் பசந்தர் ஆற்றுச் சண்டை பிரபலம். 21 வயசு அருண் கேத்ரபால் டிசம்பர் 16-ந்தேதி டாங்கிக்குள்ளேயே செத்து பரம்வீர் சக்ரா வாங்கியது அங்கேதான். அந்த டாங்கிகள் ஆற்றைத் தாண்டிப் போனதற்கு முன்னால், இருட்டில் தரையில் படுத்துக் கண்ணிவெடி எடுத்து வழி செய்தவர்கள் சாப்பர்கள். வழி முழுசாக முடிவதற்குள்ளேயே டாங்கிகள் போக வேண்டியதாயிற்று. 9-வது இன்ஜினியர் ரெஜிமென்ட்டின் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி அங்கே செத்துப்போனார், அவருக்கு மகாவீர் சக்ரா. தாத்தா அந்த ரெஜிமென்ட் இல்லை, அதே செக்டரில் வேறு கம்பெனி. ஆனால் அதே வேலை. "இன்னா தாத்தா செஞ்ச நீ?" என்று கேட்டால், "வயித்துல படுத்துக்கினு மண்ணக் குத்தினேன்" என்பார். அவ்வளவுதான். சர்க்கரைவள்ளிக் கிழங்கு தோண்டும்போது கம்பியை நேராக இறக்கமாட்டார். சாய்த்து, மெதுவாக, தட்டுப்பட்டால் நிறுத்தி விரலால் மண்ணை ஒதுக்கிப் பார்ப்பார். கிழங்கில் கீறல் விழக்கூடாது என்று சொல்வார். கண்ணிவெடியை நேராகக் குத்தினால் வெடிக்கும், பக்கவாட்டில் சாய்த்துத்தான் தேடவேண்டும் என்று நான் பிறகு படித்தபோதுதான் உறைத்தது.

அவர் பெருமையாகச் சொன்ன ஒரே கதை தன்னுடையது இல்லை. சுபேதார் சுப்பிரமணியம் என்று ஒரு மெட்ராஸ் சாப்பர். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிஞ்யானோ என்ற இடத்தில், வெடிக்கப்போன கண்ணிவெடி மேல் தன் உடம்பைப் போட்டுக் கூட இருந்தவர்களைக் காப்பாற்றிவிட்டுச் செத்தார். ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். "அவரு எங்க செத்தாரு, எந்தத் தேதின்னு எல்லாம் எழுதி வெச்சிக்கிறான் பாரு" என்பார் தாத்தா. வீரத்தைவிட அவருக்கு அந்த எழுதி வைத்திருப்பதுதான் பெரிசாகத் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவு. சூரல்மலையில் பாலம் அடித்துக்கொண்டு போய், அந்தப் பக்கம் போகவே வழியில்லை. பெங்களூரிலிருந்து மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் வந்து 190 அடி பெய்லி பாலத்தை சுமார் 31 மணி நேரத்தில், மழையில், கட்டி முடித்தார்கள். நான் ஊரில் இருந்தேன். தாத்தா டி.வி.யை விட்டு நகரவில்லை. காது அதற்குள் போய்விட்டது, அதனால் சத்தமாக, வீடு முழுக்கக் கேட்கும்படி கமென்ட்ரி. "ஒரு பேனலு பத்தடி. நூத்தித் தொண்ணூறுக்குப் பத்தொம்போது. ஒண்ணு எரநூத்தி அறுவது கிலோ, ஆறு பேரு தூக்கணும். டேய் டேய், பாத்து, வெரலு!" பொறுப்பில் இருந்தவர்களில் ஒருத்தர் மேஜர் சீதா ஷெல்கே என்ற பெண் அதிகாரி என்று தெரிந்ததும் ஆயாவைக் கூப்பிட்டுக் காட்டினார். முதல் ஆம்புலன்ஸ் தாண்டினதும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். நான் சிவில் படிக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் அவருக்கு ஒரு நல்ல விஷயமாகப் பட்டது போல. "நீயும் இதத்தான படிக்கிற?" என்றார். பெய்லி பாலம் எங்களுக்கு சிலபஸிலேயே இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை, தலையாட்டினேன்.

2025 ஜனவரியில் தாத்தா போய்விட்டார். 79. தூக்கத்தில். அவர் சங்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்து தேசியக் கொடி போர்த்தினார்கள். ஆயாவுக்கு இப்போது பாதி பென்ஷனுக்கு மேல் வருகிறது. ஃபார்ம் எல்லாம் நான்தான் நிரப்பினேன். சர்வீஸ் நம்பர், சேர்ந்த தேதி, விட்ட தேதி, எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம். கூலிக்குப் போன பெரியப்பாவின் பெண்டாட்டிக்கு இந்த மாதிரி ஒரு ஃபார்ம்கூட யாரும் கொடுக்கவில்லை. அவரும் ரயில் பாதைதான் போட்டார். யாருடைய யுத்தத்துக்காக, யாருடைய உத்தரவில் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

காஞ்சனபுரியில் யுத்தக் கல்லறை இருக்கிறது. ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவான கல்லறைகள், வரிசை வரிசையாக, புல் வெட்டி, பூச்செடி வைத்து, கைதிகளாக இறந்த சிப்பாய்களுக்கு. கூலிகள் கூட்டமாகப் புதைக்கப்பட்டவர்கள். 2023-ல் அங்கே தமிழர்களுக்கென்று ஒரு நடுகல் நட்டிருக்கிறார்கள். செய்தி பார்த்து தாத்தாவிடம் போனில் சொன்னேன். "பேரு போட்டிருக்காங்களா?" என்றார். தெரிந்தால்தானே தாத்தா போடுவார்கள் என்றேன். "ஆமா, அதுவும் சரி" என்று வைத்துவிட்டார்.

போன வாரம் மறுபடி பார்த்தேன் என்றேனே. நிக்கல்சன் பலகை மாட்டும் காட்சி வந்ததும் நிறுத்திவிட்டேன். ரூம்மேட் ஆர்வமாகிவிட்டிருந்தான், "ஏன்டா நிறுத்துற, இப்பதான வெடிக்கப்போவுது?" என்றான். அவனிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவன் தஞ்சாவூர்ப் பக்கம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எங்க வீட்லயும் ஒருத்தர் பினாங்கு போய்ட்டு வரலன்னு சொல்லுவாங்கடா. அப்பாகிட்ட கேக்கணும்" என்றான்.

அவன் அப்பாவுக்குப் போன் போட்டபோது மணி பதினொன்றரை. திட்டு விழுந்தது. ஆனால் பேரைச் சொன்னார். அந்தப் பேரையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், தாத்தாவின் இரும்புப் பெட்டியில். பெட்டி இப்போது என் கட்டிலுக்குக் கீழேதான் இருக்கிறது. மேலே வெள்ளை பெயிண்டில் இருப்பது யார் பேர் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்களே, ஒரு பேர்தான், ஆனால் இரண்டு பேருடையது.

படம் பென்டிரைவில் இருக்கிறது, சப்டைட்டிலோடு. வேண்டுமென்பவர்கள் ரூமுக்கு வாருங்கள். உங்கள் வீட்டிலும் யாராவது மலாயா, பர்மா என்று போய்த் திரும்பாதவர்கள் இருந்தால் பேரைக் கேட்டுக்கொண்டு வாருங்கள், நோட்டில் இடம் இருக்கிறது.